ரிப்பன் கெட்டால் ஹெட்டும் கெடும்: டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் குறித்த வாசகர் கேள்விகள்

லாரி அலுவலகம், மருந்து மொத்த விற்பனைக் கடை, ஜவுளிக் கிடங்கு, கூட்டுறவுச் சங்கம் என்று கார்பன் படியோடு பில் தேவைப்படும் இடங்களில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இன்றும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஹெட் எனப்படும் அச்சுத்தலையில் உள்ள ஊசிகள், மை ஊறிய துணிப்பட்டையான ரிப்பனைத் தட்டித் தாளில் புள்ளி புள்ளியாகப் பதிக்கும் இயந்திரம் என்பதால், ஒரே அடியில் மூன்று நான்கு படிகள் கிடைத்துவிடுகின்றன. இங்க்ஜெட்டிலும் லேசரிலும் அதற்கு வழியில்லை. இதன் பராமரிப்பு பற்றி வந்த கடிதங்களுக்கு, பல ஆண்டுகள் இந்த இயந்திரங்களைப் பிரித்துச் சேர்த்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் கிடங்கில் எப்சன் எல்எக்ஸ் 310 பிரிண்டர் காலை முதல் இரவு வரை ஓடுகிறது. பஞ்சுத் தூசி அதிகம். எத்தனை நாளுக்கு ஒருமுறை, எதையெதைச் சுத்தம் செய்ய வேண்டும்? புளோயர் வைத்து ஊதலாமா?
– ஜவுளி வணிகர், ஈரோடு

பதில்: சாதாரண அலுவலகத்தில் மாதம் ஒருமுறை போதும் என்பேன். உங்கள் இடத்தில் வாரம் ஒருமுறை செய்ய வேண்டும். பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. தொடர்தாளின் ஓரத் துளைகளிலிருந்து உதிரும் தாள்தூளும் காற்றில் மிதக்கும் பஞ்சிழையும் சேர்ந்து, ஹெட் ஓடும் இரும்புத் தண்டில் உள்ள எண்ணெயில் ஒட்டிக்கொள்கின்றன. சில மாதங்களில் அது கருப்புக் கம்பளம்போலப் படிந்துவிடும். அப்போது ஹெட்டை இழுக்கும் மோட்டார் கூடுதலாகத் திணற வேண்டியிருக்கிறது. ஓட்டம் சீராக இல்லாததால் எழுத்துகளும் நெருங்கியும் விலகியும் விழுகின்றன.

முதலில் சுவிட்சை அணைத்து, மின்கம்பியையும் பிளக்கிலிருந்து உருவிவிடுங்கள். அதுவரை அச்சடித்துக்கொண்டிருந்தால் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். ஹெட் கையைச் சுடும் அளவுக்குச் சூடாக இருக்கும். தாளையும் ரிப்பன் கேசட்டையும் எடுத்துவிட்டு, மென்மையான பெயிண்ட் பிரஷ் ஒன்றை இந்த வேலைக்கென்றே வைத்துக்கொண்டு, தூசியை உள்ளிருந்து வெளியே தள்ளுங்கள். சிறிய வாக்குவம் கிளீனர் இருந்தால் பிரஷால் கிளப்பக் கிளப்ப அதை உறிஞ்சிக்கொள்ளலாம். புளோயரைத் தவிர்க்கச் சொல்வேன். வேகமாக ஊதும்போது தூசியில் ஒரு பங்கு வெளியே போகும். மற்றொரு பங்கு ஹெட்டின் மூக்குக்குள்ளும் (ஊசிகள் வெளிவரும் முனை) தாள் உணரிக்குள்ளும் (சென்சார்) புகுந்து அடைத்துக்கொள்ளும். ஊதித்தான் ஆக வேண்டும் என்றால், பிரஷால் துடைத்து முடித்த பிறகு, ஒரு முழம் தள்ளி நின்று, ஹெட் இருக்கும் பக்கத்தைத் தவிர்த்து ஊதுங்கள்.

இடது ஓரத்தில், ஹெட் வந்து நிற்கும் இடத்தில், சிறிய உணரி ஒன்று இருக்கும். ஹெட் எங்கே நிற்கிறது என்பதை இயந்திரம் அதைக்கொண்டே அறிகிறது. அதில் பஞ்சு அடைத்தால், சுவிட்சைப் போட்டவுடன் ஹெட் இடது சுவரில் மடமடவென்று மோதி, விளக்குகள் மின்னி, பிரிண்டர் நின்றுவிடும். போர்டு போய்விட்டது என்று பயந்துபோய் என்னிடம் வந்த பல பிரிண்டர்களில் இந்த இடத்தைத் துடைத்ததோடு வேலை முடிந்தது.

கருப்பு ரப்பர் உருளையை, தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். தின்னரும் ஸ்பிரிட்டும் அதில் படக்கூடாது. ரப்பர் இறுகி வெடிக்கும், அதன் பிறகு தாளைப் பிடிக்காது. வெளி மூடிக்குச் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணி போதும்.

கேள்வி: நான்கு படி லாரி ரசீது அடிக்கிறோம். கடைசிப் படி மங்கலாக இருக்கிறது என்று எங்கள் பையன் ஹெட் பக்கத்தில் உள்ள லீவரை 0 இல் வைத்துவிட்டான். இப்போது தாளெல்லாம் மை தேய்கிறது, தாளும் அடிக்கடி சிக்குகிறது. எந்த எண்ணில் வைப்பது?
– லாரி அலுவலகம், நாமக்கல்

பதில்: அந்த லீவர் ஹெட்டுக்கும் உருளைக்கும் நடுவே உள்ள இடைவெளியை மாற்றுவது. ஒற்றைத் தாளுக்கு 0 அல்லது 1. படிகள் கூடக் கூட எண்ணும் கூட வேண்டும். எந்தப் படிக்கு எந்த எண் என்ற அட்டவணை உங்கள் பிரிண்டரின் கையேட்டில் உண்டு. பல மாடல்களில் அதை மூடியின் உட்புறத்திலேயே ஒட்டியிருப்பார்கள். நான்கு படித் தாளை 0 இல் வைத்து ஓட்டும்போது ஹெட்டின் மூக்கு தாளோடு உரசிக்கொண்டே போகிறது. அதனால்தான் மை தேய்கிறது, தாள் சிக்குகிறது. இன்னும் சில வாரம் இப்படியே ஓட்டினால், தாளின் மடிப்பிலோ ஓரத்திலோ ஊசி மாட்டி ஒடியும். லீவரை இன்றே மாற்றிவிடுங்கள்.

கடைசிப் படி மங்குவதற்கான காரணம் பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கும். ரிப்பன் பழசானால் முதல் படிதான் மங்க வேண்டும். ஏனென்றால் ரிப்பனின் மை படுவது முதல் தாளில் மட்டுமே. கீழ்ப்படிகள் ஊசியின் அழுத்தத்தால் கார்பனிலிருந்தோ, கார்பன் தேவைப்படாத தாளின் பூச்சிலிருந்தோ வருகின்றன. எனவே முதல் படி கருகருவென்று இருந்து கடைசிப் படி மட்டும் மங்கினால், தாளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தாள் கனமானதா, பூச்சுத் தாள் வெயிலிலும் ஈரத்திலும் கிடந்ததா, மேலே வேறு கட்டுகளை அடுக்கியதால் முன்பே நசுங்கியதா என்று பாருங்கள். எல்எக்ஸ் 310 போன்ற 9 ஊசிப் பிரிண்டர் மூலத்தோடு நான்கு படி, ஆக ஐந்து தாள் வரை அடிக்கும் என்று நிறுவனமே சொல்கிறது. அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம். 24 ஊசி ஹெட்டில் ஊசிகள் இன்னும் மெல்லியவை. எழுத்து அழகாக வரும். ஆனால் கனத்த பல படித் தாளை நாள் முழுவதும் அடிக்க 9 ஊசியையே நான் பரிந்துரைப்பேன்.

கேள்வி: ரிப்பன் விலை கட்டுப்படியாகவில்லை. ரப்பர் ஸ்டாம்ப் பேடுக்கு ஊற்றும் மையைப் பழைய ரிப்பனில் விட்டு ஓட்டினால் நன்றாகவே அச்சு விழுகிறது. இதில் கெடுதல் உண்டா?
– கூட்டுறவுச் சங்க ஊழியர், கும்பகோணம்

பதில்: பெரிய கெடுதல் உண்டு. இந்த ஒரு பழக்கத்தை நீங்கள் இன்றோடு விட்டுவிட வேண்டும் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன். காரணத்தை விரிவாகவே சொல்கிறேன்.

ஹெட்டுக்குள் ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு சிறிய மின்காந்தச் சுருள் இருக்கிறது. மின்சாரம் பாயும்போது ஊசி முன்னே பாய்ந்து ரிப்பனைத் தட்டிவிட்டுத் திரும்புகிறது. இப்படி ஒரு வினாடியில் நூற்றுக்கணக்கான தடவை முன்னும் பின்னும் ஓடும் ஊசிக்கு, மூக்கில் உள்ள நுண்துளையில் உராய்வு இல்லாமல் இருக்க வேண்டும். அங்கே யாரும் எண்ணெய் விட முடியாது, விடவும் கூடாது. அந்த வேலையை ரிப்பனில் ஊறியிருக்கும் மையே செய்கிறது. டாட் மேட்ரிக்ஸ் ரிப்பனின் மை எண்ணெயில் கரைத்த மை. தாளில் எழுத்தைப் பதிப்பதோடு, ஊசி முனைக்கு மசகாகவும் இருக்கும்படி அதைத் தயாரிக்கிறார்கள். ஸ்டாம்ப் பேடு மை பெரும்பாலும் தண்ணீரும் கிளிசரினும் கலந்தது. அது ஊசித்துளையில் காய்ந்து பிசுபிசுப்பாகப் படிகிறது, உலோகத்தையும் அரிக்கிறது. ஒரு மாதம் அச்சு நன்றாகத்தான் இருக்கும். பிறகு ஓர் ஊசி முன்னே போய்த் திரும்பி வராமல் நிற்கும். அடுத்த கணம் ஹெட் பக்கவாட்டில் ஓடும்போது நீட்டிக்கொண்டிருக்கும் ஊசி ரிப்பனில் மாட்டி வளையும், அல்லது ஒடியும். ஹெட் விலைக்கு எத்தனை ரிப்பன் வாங்கலாம் என்று உங்கள் ஊர்க் கடையிலேயே கேட்டுப் பாருங்கள்.

மை குறைந்த ரிப்பனை இழுத்துக்கொண்டே ஓட்டுவதும் இதே கெடுதலைத்தான் செய்யும். எழுத்து மங்கியும், ‘இன்னும் படிக்க முடிகிறதே’ என்று மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள். மை வற்றியபோது மசகும் வற்றிவிட்டது. நைலான் துணியும் தட்டுப்பட்டுத் தட்டுப்பட்டு நைந்து, நூல் பிரிந்து நிற்கும். அந்த நூலில்தான் ஊசி மாட்டுகிறது. எல்எக்ஸ் 310 ரிப்பனுக்கு நிறுவனம் சொல்லும் ஆயுள் ஏறத்தாழ 40 லட்சம் எழுத்துகள். உங்கள் ரசீது ஒன்றில் 1,500 எழுத்து இருப்பதாகக் கொண்டால், சுமார் 2,600 ரசீதுகள். நாளொன்றுக்கு 100 ரசீது அடிப்பவர்கள் ஒரு மாதத்துக்குள் ரிப்பனை மாற்ற வேண்டிவரும். கேசட்டின் மேல் மாற்றிய தேதியைப் பேனாவால் எழுதிவையுங்கள். கணக்கு தானாகத் தெரியும்.

செலவைக் குறைக்க வேண்டும் என்றால் ரீஃபில் வாங்கிப் பழைய கேசட்டில் போடுவதில் தவறில்லை. ஆனால் இரண்டைக் கவனியுங்கள். ரிப்பனின் இரு முனைகளையும் இணைத்த இடம் விரலால் தடவும்போது மேடாகத் தெரியக்கூடாது. தையலோ பசையோ போட்டு ஒட்டிய ரிப்பன் வேண்டவே வேண்டாம். அடுத்து, பல கேசட்டுகளில் ரிப்பனை ஒரு முறுக்குக் கொடுத்து இணைத்திருப்பார்கள். முதல் சுற்றில் மேல்பாதியும் அடுத்த சுற்றில் கீழ்ப்பாதியும் அடிபடுவதற்கான ஏற்பாடு அது. ரீஃபில் போடுபவர் அந்த முறுக்கை விட்டுவிட்டால் பாதி ரிப்பன் வீணாகும். கேசட்டைப் பொருத்திய பின், குமிழை அம்புக்குறி காட்டும் திசையில் மட்டும் திருப்பித் தொய்வை எடுங்கள். எதிர்த்திசையில் திருப்பினால் உள்ளே ரிப்பன் சிக்கிக்கொள்ளும்.

கேள்வி: எழுத்துகளின் நடுவே வரி நெடுக ஒரு வெள்ளைக் கோடு விழுகிறது. ஹெட் மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றாமல் தப்பிக்க வழி உண்டா?
– சரக்கு முகவர் அலுவலகம், தூத்துக்குடி

பதில்: உண்டா இல்லையா என்பதை நீங்களே பாதியளவு கண்டுபிடிக்கலாம். கணினியின் கேபிளைக் கழற்றிவிட்டு, எல்எஃப்/எஃப்எஃப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி சுவிட்சைப் போடுங்கள். எப்சன் எல்எக்ஸ் வகைகளில் பிரிண்டர் தன்னையே சோதிக்கும் பக்கம் டிராஃப்ட் எழுத்தில், அதாவது வேகமாக அடிக்கும் சாதாரண எழுத்தில், ஓடும். மற்ற நிறுவன மாடல்களில் பொத்தான் மாறும், கையேட்டில் இருக்கும். இந்தச் சோதனையை டிராஃப்ட் எழுத்திலேயே பாருங்கள். அழகெழுத்தில் ஹெட் ஒரே வரியின் மேல் இருமுறை ஓடுவதால் ஓர் ஊசி வேலை செய்யாதது ஓரளவு மறைந்துவிடும்.

வெள்ளைக் கோடு வரியின் தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே சீராக இருந்தால், ஓர் ஊசி அடைத்திருக்கிறது, அல்லது ஒடிந்திருக்கிறது, அல்லது அதன் சுருள் எரிந்திருக்கிறது. வரியின் ஒரு பகுதியில் மட்டும் கோடு வந்து மறைந்தால், ஹெட்டைத் தேடுவதை விட்டுவிட்டு, ஹெட்டோடு சேர்ந்து மடங்கி மடங்கி ஓடும் தட்டையான கேபிளைப் பாருங்கள். அதில் ஒரு கம்பி மடிப்பில் விட்டுப்போயிருக்கும். கேபிள் மலிவு. இதைப் பார்க்காமல் ஹெட்டை மாற்றிவிட்டு, புது ஹெட்டிலும் அதே கோடு விழுவதைக் கண்டு வருந்தியவர்கள் இருக்கிறார்கள்.

அடைப்பு என்றால் சுத்தம் செய்து பார்க்கலாம். ஹெட் ஆறிய பின் கழற்றி, கேபிளை நேராக உருவுங்கள். ஒரு தகர மூடியில் நூல் பிரியாத துணியை நான்காக மடித்து வைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஊற்றி, ஹெட்டின் மூக்கு மட்டும் அதில் நனையும்படி பத்து நிமிடம் நிறுத்துங்கள். முழு ஹெட்டையும் முக்கிவிடாதீர்கள். சுருள்களுக்கு அது ஆகாது. பெட்ரோலும் தின்னரும் உள்ளே உள்ள பிளாஸ்டிக் பாகங்களையும் பசையையும் கரைத்துவிடும். ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும் என்பதால் பக்கத்தில் ஊதுபத்தியோ விளக்கோ இருக்கக்கூடாது. துணியில் கறுப்பு இறங்கியதும் வேறு துணி மாற்றி ஒருமுறை செய்து, நன்றாக உலரவிட்டு, ஹெட்டைப் பொருத்தி, ரிப்பன் இல்லாமல் தாளை மட்டும் இரட்டையாக வைத்து அரைப் பக்கம் சோதனை அச்சு ஓட்டுங்கள். மீதி மை தாளில் இறங்கிவிடும். பிறகு புதிய ரிப்பன் போடுங்கள்; பழையதை அல்ல. தாள் இல்லாமல் வெற்று உருளையின் மேல் அச்சடிக்க ஒருபோதும் விடக்கூடாது.

இதன் பிறகும் கோடு மறையவில்லை என்றால் ஹெட்டை மாற்றத்தான் வேண்டும். மாற்றுபவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: பழைய ஹெட்டின் சுருள்களை மல்டிமீட்டரால் அளந்தாரா? எல்லாச் சுருளும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று மட்டும் மிகக் குறைவாகக் காட்டினால், அது ஷார்ட் ஆகி, போர்டில் உள்ள டிரான்சிஸ்டரையும் எரித்திருக்க வாய்ப்பு உண்டு. அப்படி எரிந்த போர்டில் புது ஹெட்டைப் பொருத்தினால் புதியதும் போய்விடும்.

கேள்வி: கடற்கரை ஊர் என்பதால் தண்டில் துரு பிடிக்கிறது. தேங்காய் எண்ணெய் போடுகிறோம். சரியா?
– பத்திர எழுத்தர், நாகப்பட்டினம்

பதில்: சரியில்லை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறையத் தொடங்கும். ஏசி அறையில் காலையில் ஹெட் நகர மறுப்பதற்கு அது ஒன்றே போதும். உறையாத ஊரிலும் நாளடைவில் சிக்குப்பிடித்துப் பசையாகிவிடும். கிரீஸ் போட்டால் தூசியை வாரிக்கொள்ளும். துரு நீக்கும் ஸ்பிரேயும் வேண்டாம். இருக்கும் மசகைக் கழுவிவிட்டு, உணரி, பெல்ட், உருளை எல்லாவற்றின் மேலும் படியும்.

தையல் மெஷினுக்கு விடும் எண்ணெய் போதும். முதலில் உலர்ந்த துணியால் தண்டில் உள்ள பழைய கசட்டைத் துடைத்தெடுங்கள். துணி வெள்ளையாக வரும்வரை துடைக்க வேண்டும். பழையதன் மேல் புதியதை விட்டால் பயனில்லை. பிறகு இரண்டு சொட்டு மட்டும் துணியில் விட்டுத் தண்டில் தடவி, மின்சாரம் இல்லாத நிலையில் ஹெட்டைக் கையால் இரண்டு ஓரத்துக்கும் நாலைந்து முறை நகர்த்தி, மிஞ்சியதை ஒற்றியெடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இப்படிச் செய்யலாம். உங்கள் ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழையில் மாதம் ஒருமுறை செய்யுங்கள். துருவை உப்புத்தாளால் தேய்த்துவிடாதீர்கள். தண்டில் விழும் கீறல், ஹெட்டைத் தாங்கும் புஷ்ஷை அரத்தைப்போல அறுத்துவிடும். எண்ணெயில் நனைத்த துணியால் பொறுமையாகத் தேய்த்தாலே மேல்துரு வந்துவிடும்.

கேள்வி: பில்லைத் தமிழில் அடித்தால் மிக மெதுவாக ஓடி, நடுவில் நின்று நின்று போகிறது. பிரிண்டர் பழுதா?
– மருந்துக் கடை, காரைக்குடி

பதில்: பழுதில்லை. பிரிண்டரின் உள்ளே ஆங்கில எழுத்துகள் பதிந்திருப்பதால் அவற்றை நேரே அடித்துவிடுகிறது. தமிழ் எழுத்துகளைக் கணினி படமாக மாற்றி அனுப்புகிறது. படத்தை அடிக்க ஹெட் பல தடவை ஓட வேண்டும். சூடு ஏறினால், ஹெட்டைக் காப்பதற்காக இயந்திரமே சற்று நின்று ஆறிக்கொள்கிறது. எழுத்தைச் சற்றுச் சிறிதாக்கி, கட்டங்களையும் கருப்புப் பட்டைகளையும் எடுத்துவிட்டால் வேகம் கூடும், ரிப்பனும் மிச்சமாகும்.

கேள்வி: முதல் பில் சரியாக விழுகிறது. அடுத்தடுத்த பில் ஒவ்வொன்றும் ஓர் அங்குலம் மேலேறிக்கொண்டே போகிறது.
– அரிசி மண்டி, மதுரை

பதில்: நீங்கள் பயன்படுத்துவது 12 அங்குல உயரத் தொடர்தாள், பிரிண்டரில் 11 அங்குலம் என்று அமைத்திருக்கும். ஓரத் துளைகளை எண்ணிப் பாருங்கள். துளைக்குத் துளை அரை அங்குலம் என்பதால் ஒரு பக்கத்துக்கு 24 துளை இருந்தால் 12 அங்குலம். பிரிண்டரின் அமைப்பிலும் கணினி மென்பொருளிலும் அதே அளவைக் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் குமிழைத் திருகித் தாளைச் சரிசெய்யும் வழக்கம் வேண்டாம். சுவிட்ச் போட்டிருக்கும்போது குமிழைத் திருகினால் பல்சக்கரத்தின் பல் தேயும். பக்கம் எங்கே தொடங்குகிறது என்ற கணக்கும் இயந்திரத்துக்குத் தப்பிவிடும். அணைத்துவிட்டுத் திருகுங்கள்.

கேள்வி: பள்ளி அலுவலகத்தில் கோடை விடுமுறை முழுவதும் பிரிண்டர் சும்மா இருக்கும். எப்படி மூடிவைப்பது?
– அலுவலக உதவியாளர், திண்டுக்கல்

பதில்: தாளை எடுத்துவிடுங்கள், வளைந்து நின்ற தாள் பிறகு சிக்கும். இடைவெளி லீவரைப் பெரிய எண்ணுக்கு மாற்றி, ரிப்பன் கேசட்டைக் கழற்றி, பிளாஸ்டிக் உறையில் கட்டி வெயில் படாத இடத்தில் வையுங்கள். பிரிண்டரைப் பருத்தித் துணியால் மூடுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே வைத்துக்கொள்ளும். கேபிள் நுழையும் பின்புற இடுக்கு வழியாக எலியும் பல்லியும் புகும், அந்தப் பக்கம் துணி தரையைத் தொடும்படி இருக்கட்டும். மின்கம்பியையும் கணினிக் கேபிளையும் கழற்றிவிடுங்கள். பள்ளி திறந்த பின் கணினிக் கேபிளை மாட்டும்போது இரண்டு இயந்திரங்களும் அணைந்திருக்க வேண்டும். கட்டண ரசீது அடிக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே ஒரு சோதனைப் பக்கம் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். ஏதேனும் குறை தெரிந்தால் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும்.